பனிக்குளிரில் மின்சாரம் நின்றபோது



மார்கழி, தை மாதங்களில் எமது பெண்கள் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு கதை உண்டு. "கனடாவிலை மகளின்ரை வீட்டிலை ரெண்டு நாளாக் கரண்ட் இல்லையாம். ஐஸ் மழையாம்" என்று ஒரு தாய் சொல்வார். "அங்கையும் கரண்ட் போகுமோ?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். "அதுக்கென்ன, நாங்கள் வருசக்கணக்கா இருட்டுக்கை இருக்கேல்லையோ" என்பார் இன்னொருவர்.

அவர் சொல்வது உண்மைதான். 1990ஆம் ஆண்டின் பின் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இன்றி, ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் சேர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் எமது வடபகுதித் தாய்மார். 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோதும் அவர்கள் கலங்கவில்லை. இருட்டு எமக்குப் பழக்கமானது.

ஆனால் குளிர்நாட்டில் மின்சாரம் நின்றால் வெளிச்சத்தோடு சூடும் போய்விடுகிறது. எமக்குப் பழக்கமான சில வழிகள் அங்கே உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். பிள்ளைகளும் சகோதரங்களும் அந்த நாடுகளில் வாழ்வதால் இதை நாம் விளங்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு 1998இல் கனடாவில் நடந்ததைப் பார்ப்போம்.

ஐந்து நாள் பெய்த மழை

1998 ஜனவரி 5ஆம் திகதி அளவில் கனடாவின் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களில் ஒரு மழை தொடங்கியது. தெற்கே இருந்து வந்த ஈரமான, சூடான காற்று மேலே நின்றது. சென்லோரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடுங்குளிர்க் காற்று கீழே தங்கி நின்றது. மேலிருந்து மழையாக விழுந்த நீர், குளிர்ந்த கிளையிலும் கம்பியிலும் பட்டவுடன் கட்டியாக உறைந்தது. இதை உறைமழை என்பர். 10ஆம் திகதி வரை விட்டு விட்டுப் பெய்த இந்த மழை சில இடங்களில் 100 மில்லிமீற்றரளவுக்கு வந்தது.

மின்கம்பிகள் கையளவு தடிப்பான பனிக்கட்டியால் மூடப்பட்டன. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு மின் கோபுரங்கள் முறிந்து விழுந்தன. மரத்தாலான மின்கம்பங்கள் 30,000க்கு மேல் சாய்ந்தன. நாற்பது இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் மின்சாரம் இழந்தனர். பலருக்கு அது சில நாட்களில் திரும்பியது. ஆனால் மொன்றியலுக்குத் தெற்கே சென் இயசந்த், கிரான்பி, சென் ஜோன் சூர் ரிஷ்லியூ ஆகிய மூன்று பட்டினங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பல குடும்பங்கள் ஒரு மாதம் வரை மின்சாரம் இன்றி இருந்தன. அப்பகுதிக்கு 'இருள் முக்கோணம்' என்றே பெயர் வந்துவிட்டது.

கியூபெக்கில் நீர்மின்சாரம் மலிவானது. அதனால் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரமே. எண்ணெயில் இயங்கும் சூடாக்கிக்கும் காற்றைத் தள்ளுவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்ற சில மணித்தியாலங்களில் வீடு குளிர்ந்துவிடும். நாள் செல்லச் செல்லக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்துவிடும். கிராமத்து வீடுகளில் கிணற்று மோட்டர் வேலை செய்யாது. ஜனவரி 9, வெள்ளிக்கிழமை மொன்றியல் நகரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றது. அந்தப் பெருநகரத்துக்கு ஒரு சில மணித்தியாலத்துக்குப் போதுமான தண்ணீர் மாத்திரமே எஞ்சியிருந்தது. செல்வந்த நாடு என்று நாம் நினைக்கும் இடமும் ஒரு கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உயிரைக் குடித்தது எது?

இந்த அனர்த்தத்தில் சுமார் 30 பேர் இறந்தனர். பனிக்கட்டி நேரடியாக விழுந்து இறந்தவர்கள் மிகச் சிலரே. வீட்டுக்குள் உடல் விறைத்தும், தீப்பற்றியும், நச்சுவாயுவைச் சுவாசித்தும் இறந்தவர்களே அதிகம்.

அந்த நச்சுவாயு காபனோரொட்சைட்டு. கரி, விறகு, மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவாயினும் போதிய காற்று இன்றி எரியும்போது அது உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. அது இரத்தத்தில் சேர்ந்து ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், பிறகு நித்திரை. நித்திரையாகப் போனவர் எழும்பமாட்டார். வயிற்றிலிருக்கும் சிசுவையும் அது தாயை விடக் கடுமையாகத் தாக்கும்.

எமது நாட்டில் கரியடுப்பு மூட்டினால் ஓட்டு இடுக்காலும் யன்னலாலும் புகை போய்விடும். ஓலை வீடென்றால் சொல்லவே வேண்டாம். குளிர்நாட்டு வீடோ காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டப்பட்டது. "கதவை வடிவாப் பூட்டிப்போட்டு ஒரு சட்டியிலை கரி மூட்டி வை ராசா" என்று இங்கிருந்து ஒரு தாய் அன்போடு சொல்லும் புத்திமதி அங்கே அந்தப் பிள்ளையின் உயிரை எடுத்துவிடலாம்.

2006 டிசம்பரில் அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பகுதியில் கடும் புயற்காற்றால் மின்சாரம் நின்றது. வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பல குடும்பங்கள் தமது ஊர் வழக்கப்படி வீட்டுக்குள் கரி மூட்டின. சிலர் இறந்தனர், பலர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்நகரின் முக்கிய நாளிதழ் முதற்பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை அச்சிட நேர்ந்தது. 2013 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் உறைமழை பெய்து, எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோ உட்படச் சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. அப்போதும் வீட்டுக்குள் கரி எரித்தவர்களைத் தேடித் தீயணைப்புப் படையினர் ஓட வேண்டியிருந்தது.

இதை வெளிநாட்டுக்கு மட்டும் உரியதாக எண்ண வேண்டாம். மலையகத்துக் குளிரில் யன்னலில்லாத லயன் காம்பராவுக்குள் கரிச்சட்டி வைத்துவிட்டு உறங்குவதும், மழை நாளில் பிள்ளை பெற்ற அறையைப் பூட்டி உள்ளே தணல் வைத்திருப்பதும் இதே ஆபத்துத்தான். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை பிடித்தவுடன் தணற்சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

கதவைத் தட்டியவர்கள்

1998இல் பெரும்பாலானோர் உயிர் தப்பியது எப்படி? இராணுவத்தினர் 15,000 பேருக்கு மேல் இறக்கப்பட்டனர். பாடசாலைகளும் மண்டபங்களும் நலன்புரி நிலையங்களாகின. பூஷர்வில் என்ற இடத்தில் ஒரு டீசல் புகையிரத இயந்திரத்தைத் தண்டவாளத்திலிருந்து தெருவில் இறக்கி, நகரசபைக் கட்டடத்துக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்தனர்.

இவை பெரிய காரியங்கள். எனினும் ஒரு சமூக சேவையாளராக எனது கண்ணில் படுவது சிறிய காரியங்களே. விறகடுப்பு இருந்த வீட்டார் அயலவரைத் தமது வீட்டுக்கு அழைத்தனர். நாலு பேர் இருந்த வீட்டில் பத்துப் பதினைந்து பேர் நிலத்தில் படுத்தனர். பால்மாட்டுப் பண்ணையாளர்கள் ஒரே மின்பிறப்பாக்கியை ஒவ்வொரு தொழுவமாக இழுத்துச் சென்று பசுக்களில் பால் கறந்தனர். ஏனைய பகுதிகளிலிருந்து பார ஊர்திகளில் விறகு வந்தது. 1996 ஜூலையில் பெருவெள்ளத்தால் வீடிழந்த சாகினே பகுதி மக்களும் விறகு அனுப்பினர். பட்டவர்களுக்குத்தானே மற்றவர் படும் பாடு தெரியும்.

மிகவும் கஷ்டப்பட்டது தனியாக இருந்த முதியவர்களை வெளியே கொண்டுவருவதுதான். "என்ரை வீட்டை விட்டு வரமாட்டன்" என்று பலர் மறுத்தனர். பொலிசாரும் படையினரும் தொண்டர்களும் வீடு வீடாகக் கதவைத் தட்டினர். இடம்பெயர்ந்த காலத்தில் இதை நாமும் கண்டிருக்கிறோம். அம்மம்மாவையும் அப்பப்பாவையும் வாசலைத் தாண்ட வைக்க எத்தனை மன்றாட்டம்! அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் பயம். முகாமில் தான் யாருக்கும் வேண்டாத ஒருவராகிவிடுவேன் என்ற பயம். அன்பாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், தெரிந்த முகத்தோடு சென்றால் பலர் வருவார்கள். உத்தரவு போட்டால் வரமாட்டார்கள்.

பெண்களின் வேலைச்சுமையையும் சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றால் சமைப்பது, தோய்ப்பது, பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது, நோயாளியைப் பார்ப்பது எல்லாம் இரட்டிப்பாகும். பொது மண்டபத்தில் உடை மாற்ற மறைவில்லை, பால் கொடுக்க இடமில்லை. நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள்

அந்தப் பனிப்புயலின்போது கர்ப்பிணிகளாக இருந்த பெண்களையும், பின் பிறந்த பிள்ளைகளையும் மொன்றியலில் பேராசிரியர் சுசான் கிங் தலைமையிலான குழு பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டுப் போக நேர்ந்ததா, எவ்வளவு இழப்பு என்பவற்றைத் தனியாகவும், தாய் எவ்வளவு மனம் வருந்தினார் என்பதைத் தனியாகவும் அளந்தனர். அதிக கஷ்டம் அனுபவித்த தாய்மாரின் பிள்ளைகள் மொழித்திறனிலும் அறிவுத்திறன் பரீட்சைகளிலும் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தனர்.

போர்க்காலத்தில் கர்ப்பமாக இருந்த சகோதரிகள் இதை வாசித்துக் கலங்கவேண்டாம். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். இந்த வித்தியாசம் தாயின் மனவருத்தத்தோடு அன்றி, அவருக்கு வெளியிலிருந்து நேர்ந்த கஷ்டத்தின் அளவோடுதான் தொடர்புபட்டிருந்தது. "நீ அழுதுகொண்டு இருந்தபடியால்தான் பிள்ளை இப்படி" என்று எவரும் ஒரு தாயைக் குறைசொல்ல அங்கே இடமில்லை. அடுத்தது, சராசரி என்பது ஒவ்வொரு பிள்ளையின் தலைவிதி ஆகாது. சிறு வயதில் பிள்ளையோடு நிறையக் கதைப்பதும், கதை சொல்வதும், விளையாடுவதும் பெரும் உதவி. பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தினால் "பிறகு கதைப்பான்" என்று விடாமல் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொலைபேசியில் சொல்ல வேண்டியவை

குளிர்நாட்டில் உள்ள பிள்ளை "கரண்ட் இல்லை" என்று சொன்னால் பின்வருவனவற்றை நினைவூட்டுங்கள்.

• கரி, பாபிகியூ அடுப்பு, முகாம் அடுப்பு எதையும் வீட்டுக்குள் எரிக்கக்கூடாது. மின்பிறப்பாக்கி வெளியே, யன்னலிலிருந்து நன்கு தள்ளி இருக்க வேண்டும். கராஜுக்குள்ளும் கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது.

• பற்றரியில் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் உடனே வெளியே போய் அவசர சேவையை அழைக்க வேண்டும்.

• எல்லாரும் ஒரே சிறிய அறையில் இருக்கலாம். கதவு யன்னலுக்குக் கம்பளி தொங்கவிடலாம். ஒரு தடித்த உடுப்பை விட, மெல்லியவை பல ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. தலைக்குத் தொப்பி அவசியம்.

• மெழுகுதிரியை விட ரோச் லைற் பாதுகாப்பானது. மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு நித்திரை கொள்ளக்கூடாது.

• குழாயில் தண்ணீரை மெல்லியதாக ஓட விட்டால் உறைவது குறையும். வீட்டை விட்டுப் போவதென்றால் பிரதான வால்வை மூடிக் குழாயில் உள்ள நீரை வெளியேற்ற வேண்டும்.

• திறக்காத குளிர்சாதனப் பெட்டியில் உணவு சுமார் 4 மணித்தியாலம் கெடாது. நிறைந்திருக்கும் உறைபெட்டியில் 48 மணித்தியாலம் வரை இருக்கும். இன்சுலின் மருந்தை உறைய விடக்கூடாது.

• விழுந்த கம்பிக்கும், பனிக்கட்டி தொங்கும் மரத்துக்கும் கிட்டப் போகக்கூடாது.

• குளிர் தாங்க முடியாவிட்டால் நகரசபை திறந்திருக்கும் தங்குமிடத்துக்குப் போக வேண்டும். அது பிச்சை வாங்குவதல்ல, குடியிருப்பாளரின் உரிமை.

இன்னொன்றையும் கேளுங்கள்: "உன்ரை பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?" பல பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆண்டுக்கணக்காக ஒரே மாடியில் இருந்தும் அயலவரின் பெயர் தெரியாமல் வாழ்கிறார்கள். 2023 ஏப்ரலில் மொன்றியல் பகுதியில் மீண்டும் உறைமழை பெய்து, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. இனியும் இப்படி நேரும். அப்போது அங்கிருக்கும் மொழி தெரியாத ஒரு தமிழ் மாமியின் கதவையோ, தனித்திருக்கும் ஒரு கனடிய முதியவரின் கதவையோ உங்கள் பிள்ளை தட்டட்டும். பங்கருக்குள்ளும் மரத்தடியிலும் தெரியாதவர்களோடு ஒரு பானைக் கஞ்சியைப் பகிர்ந்த நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். மழைக்காலம் முடியும்வரை உங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஆச்சியையும் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.