ஜீவியம் வரை மட்டும்தானா?



கணவர் மவுத்தானதும், "உங்கள் காலம் வரை வீட்டில் இருந்துகொள்ளுங்கள், பங்கு கேட்கவோ விற்கவோ உங்களுக்கு உரிமை இல்லை" என்று விதவைத் தாயிடம் சொல்லும் பிள்ளைகளும் கொழுந்தன்மார்களும் நம் ஊர்களில் இல்லையா? இது மார்க்கமும் அல்ல, சட்டமும் அல்ல!

பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று என மனைவிக்குக் குர்ஆன் விதித்த பங்கு முழு உரிமையாகும். அதை அவர் விற்கலாம், பாகப்பிரிவினை கோரலாம். ஆயுள் வரை மட்டும் அனுபவிக்கும் விதவை உரிமை பழைய இந்துச் சட்டத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அதையும் பொதுவாக முழு உரிமையாக்கிவிட்டது. அங்கே ஒழிந்ததை நாம் தூக்கிச் சுமப்பதா? 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கையும் சென்னை மாகாணம் 1949இல் நீக்கிவிட்டது. ஆகவே நஞ்சை, புஞ்சையிலும் இதே பங்குதான்.

பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் ஜீவிய உரிமை வேறு. சொத்தின் மூலம் வேறு, அதன் பலன் வேறு என்று 1948இல் நவாசிஷ் அலி கான் வழக்கில் பிரிவி கவுன்சில் பிரித்துக் காட்டியது. பலனை மட்டும் ஒருவருக்கு ஆயுள் வரை கொடுக்கலாம். மூலத்தையே ஹிபா செய்துவிட்டு, "ஆயுள் வரை" என நிபந்தனை போட்டால் ஹனஃபி சட்டப்படி நிபந்தனைதான் செல்லாது, ஹிபா நிலைக்கும்.

அண்ணன் தம்பிக்குப் பொதுவான ஒரு கடைக் கட்டிடம். அண்ணன் பாகத்தின் வாடகை அவர் மனைவிக்கு ஜீவியம் வரை, பிறகு மகனுக்கு என்று பத்திரம் இருக்கிறது. அந்தப் பாதி வாடகையைத் தம்பி நிறுத்திவைக்க முடியாது. அந்தத் தாயை வெளியேற்ற மகனுக்கும் அதிகாரமில்லை. அதேபோல் தாயும் மூலத்தை விற்க முடியாது. அவரிடம் கிரயம் வாங்கியவருக்குக் கிடைப்பது அவர் உயிரோடு இருக்கும் காலம் மட்டுமே!

வியாபாரிகளே, பிரிபடாத பாகம் வாங்குமுன் மூலப்பத்திரத்தைப் படியுங்கள். கூட்டுப் பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. வாய்மொழி ஹிபாவுக்குப் பதிவு தேவையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது வில்லங்கச் சான்றில் வராது. வாரிசுகள் அனைவரையும் நேரில் விசாரியுங்கள். குடும்ப வீட்டில் ஒருவர் பாகத்தை வெளியார் வாங்கினாலும், கூட்டாகக் குடியேறும் உரிமை அவருக்கில்லை என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்துமாற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு.

இளைஞர்களே, தந்தை மறைந்தால் மஹர் பாக்கியும் கடனும் தீர்த்து, உடனே பங்கு பிரித்துப் பதிவு செய்யுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வழக்கை வளர்க்கிறது. தாயின் எட்டில் ஒரு பங்கு நாம் போடும் பிச்சையல்ல. இறைவன் எழுதிய கணக்கு!