ஆற்றுக்கு ஒரு மொழி. ஆய்வுக்கு வேறு மொழியா?

கல்வராயன் மலைமேற் பெய்யும் மழை, எந்த அலுவலகத்தின் எல்லைக்கல்லையும் கேட்டு வழிந்தோடுவதில்லை. சரிவுகளில் ஓடைகளாய்ப் பிறந்து, கோமுகி என வடசொற்பெயர் சூட்டப்பட்ட ஆறாய்த் திரண்டு, வடக்கனந்தலை ஒட்டிய அடிவாரத்தில் 1965இல் எழுந்த அணையிலே தேங்கி, வயல்களை நனைத்தபின், மணிமுத்தாற்றின் வழியே வெள்ளாற்றை அடைந்து, பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கிறது அந்நீர். அதனுள் நீந்தும் விராலுக்கும் கெளுத்திக்கும், மலையோடையில் நீருண்ண வரும் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும், வலைவீசும் மீனவனுக்கும் தேனெடுக்கும் மலைமகனுக்கும் இஃது ஒரே வாழ்வு, ஒரே நீர்வழி.

ஆயின், அரசின் கண்ணுக்கு இஃது ஒன்றன்று, ஐந்து! காடு, காட்டுத்துறையின் பொறுப்பு. அணைநீர், நீர்வளத்துறையின் பொறுப்பு. மீன், மீன்வளத்துறையின் பொறுப்பு. தமிழே பேசும் மலையாளிப் பழங்குடியினர், பழங்குடியினர் நலத்துறையின் பொறுப்பு. கழிமுகத்து உயிர்களோ, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நடுவத்தின் ஆய்வுப்பொருள். துறைக்கொரு கோப்பு, திட்டத்துக்கொரு பொருள் ஒதுக்கீடு, ஆய்வுக்கொரு முடிவுரை. அம்முடிவுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆற்றின் தலையில் காணப்பட்ட உண்மை, ஆற்றின் வாய்க்கு எட்டுவது எங்ஙனம்?

மீன், காட்டுயிர் ஆய்வுத் திட்டங்களை ஒருங்கிணைக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. குழு அமைப்பதும் கூட்டம் கூட்டுவதும் மட்டும் ஒருங்கிணைப்பு ஆகா. ஒருவர் கண்டதை மற்றவர் அறியவும், அறிந்ததைச் சரிபார்க்கவும், பிழையெனில் மறுக்கவும் இயலவேண்டும். அதற்குப் பொதுமொழி வேண்டும். வடக்கனந்தல் மீனவனுக்கும், மலைமேல் வாழும் பழங்குடிப் பெண்ணுக்கும், காட்டுக் காவலருக்கும், பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் பொதுவான மொழி ஒன்றே ஒன்று, அது தமிழ். அதனை விலக்கிவிட்டு ஒருங்கிணைப்பைத் தேடுவது, கதவைத் தாழிட்டுவிட்டு விருந்தினரை அழைப்பதாகும்!

பட்டறிவாளரின் மொழியும் அறிவியலும் ஒன்றோடொன்று சேரா என்பார் வரலாறு அறியாதார். தரங்கம்பாடியில் 1771 முதல் வாழ்ந்த செருமானியத் தொண்டர் கிறித்தோபு சாமுவேல் யோன் என்பார், தமிழகத்து மீன்களைத் திரட்டிப் பெர்லின் நகரத்து மீனியல் அறிஞர் புளோக்குக்கு அனுப்பினார். மீனோடு மீனவர் வழங்கிய பெயரும் கப்பலேறியது. அதனாலன்றோ, பிரெஞ்சு அறிஞர் இலாசெபேட்டு 1801இல் வெளியிட்ட நூலில் விரால் 'விரால்' என்றும், கொரவை 'கருவெய்' என்றும் இலத்தீன் பெயர்வரிசையிலேயே இடம்பெற்றன! முந்து பெயருக்கே உரிமை என்னும் நெறியால் அவை பின்னர் வழக்கிழந்தன. ஆயினும், ஆற்றுவாளையின் அறிவியற் பெயரில் 'அட்டு' என்னும் சொல்லும், கெளுத்தி இனம் ஒன்றன் பெயரில் 'கெலெத்தியசு' என்னும் சொல்லும் இன்றுவரை நின்று நிலவுகின்றன.

அதே தரங்கம்பாடியில் 1791இல் தேனியப் படையலுவலர் தால்தோர்பு, ஒரு மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். அச்செய்தி 1797இல் இலண்டன் இலின்னேயக் கழகத்து வெளியீட்டில் வந்தது. அம்மீன் மரமேறுமா என்று அறிஞர் இன்றும் ஐயுறுவர். நீரைவிட்டு நிலத்தில் ஊர்ந்து செல்லும் என்பதை எவரும் மறுப்பதில்லை. தமிழ் மீனவனோ அதற்குப் 'பனையேறி' என்றே பெயரிட்டிருந்தான். ஒரு பெயருக்குள் ஒரு நோக்கீடு அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அயலார் மதித்த இவ்வறிவை, இன்று தமிழ்நாட்டு ஆய்வேடுகளே பின்னிணைப்பின் ஓரத்தில் ஒதுக்குவது எத்துணைக் கொடுமை! உள்ளூர்ப் பெயர் வெறும் அணியன்று. ஒரே மீனுக்குக் குஞ்சில் ஒரு பெயர், வளர்ந்தபின் ஒரு பெயர், சினைக்காலத்தில் ஒரு பெயர் என வழங்குமிடத்தில், அப்பெயர்களைத் தொகுத்தாலே அதன் வாழ்க்கைச் சுற்றின் பாதி விளங்கும். விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் என வகுத்துரைத்த தொல்காப்பிய மரபியல் பிறந்த மண்ணில் இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

மக்களைக் கலவாமல் நடந்தவற்றின் விளைவும் கண்கூடு. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா, அமராவதி முதலிய தமிழகத்து அணைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்கியது. பின்னாளில் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, வளர்க்கத் தடையிருந்தும் குளங்களினின்று முற்றாக நீங்கியபாடில்லை. எந்த மீன் குறைந்தது, எது பெருகியது என்பதை முதலில் உணர்ந்தவன் நாளும் வலை இழுப்பவனே. அவன் கண்டதை அவன் சொல்லிலேயே ஆண்டுதோறும் பதிவுசெய்ய ஓர் ஏடு இருந்திருந்தால், எச்சரிக்கை எத்துணை முன்னதாகக் கிடைத்திருக்கும்!

ஒருங்கிணைப்பு இயலாததன்று. தமிழக அரசு 2022இல் 25.14 கோடி உருவா ஒதுக்கித் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தைக் காண்க. 2024இல் ஒரே நேரத்தில் பல மலைகளிலும் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன. 2025இல் கேரளத்தோடு இணைந்து எண்ணியபோது தமிழ்நாட்டுப் பகுதியில் 1,303 காணப்பட்டன. மலைக்கொரு நாள், ஆளுக்கொரு முறை என்று எண்ணியிருந்தால் இக்கணக்கு பயன்பட்டிராது. சங்கப் புலவர் 'வருடை' எனக் கண்ட விலங்குக்கு வாய்த்த இவ்வாய்ப்பு, கல்வராயன் ஓடை மீனுக்கு ஏன் வாய்க்கக் கூடாது?

சப்பானியரைக் காண்க. கடலே இல்லாத மலைநாடாகிய நாகானோ மாவட்டத்திலும் நன்னீர் மீனுக்கென ஆய்வுநிலையம் உண்டு. அந்நாட்டு மாவட்ட ஆய்வு நிலையங்கள் தம் மக்களுக்குத் தம் மொழியிலேயே எழுதுகின்றன. அதனால் சப்பானின் அறிவியல் தாழ்ந்துவிட்டதா?

"ஆங்கிலத்தில் எழுதாவிடில் உலகம் அறியாதே" என்பார் சிலர். எழுதுக, உலகுக்கு எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. இலத்தீன் அறிவியற் பெயரும் இருக்கட்டும். அது பல நாட்டார்க்கும் பொது. கேட்பது ஒன்றே: எவர் ஆற்றில் ஆய்வு நடந்ததோ, அவர்க்கு அதன் முடிவு முதலில் சொல்லப்பட வேண்டும்; அவர் மொழியில் சொல்லப்பட வேண்டும்.

இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்களைக் கலந்து பதிவேடு எழுதச் சொல்கிறது. வடக்கனந்தல் பேரூராட்சியும் ஓர் உள்ளாட்சியே. அப்பதிவேடு, பெட்டியில் பூட்டும் தாளாக இல்லாமல், மீனவரும் பழங்குடியினரும் பள்ளி மாணவரும் ஆண்டுதோறும் திருத்தி எழுதும் தமிழேடாக மலரட்டும். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, ஆய்வுக்கென விலங்கைப் பிடிக்க எழுத்தாணை வழங்குபவர் மாநிலத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரே. முதற்பட்டியல் விலங்குக்கு நடுவணரசின் முன்னிசைவு வேண்டும் எனினும், ஆணையில் கட்டுப்பாடு விதிக்கும் உரிமை அவர் கையில் உள்ளது. "ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி, நிலத்துக்குரிய உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்" என்னும் ஒருவரிக் கட்டுப்பாட்டை அதில் சேர்த்தல் அரிதோ? மீனாய்வுக்குப் பொருள் வழங்கும் துறைகளும் இதனையே விதிக்கலாம்.

இன்னும் ஒன்று. ஆய்வாளர்க்கு வழிகாட்டியாய், சுமை தூக்கியாய் மட்டும் மலைவாழ் இளைஞரை அமர்த்தும் வழக்கம் ஒழியவேண்டும். கள ஆய்வாளர் என்னும் தகுதியும், அதற்குரிய ஊதியமும், ஏட்டில் பெயரும் அவர்க்கு உரியன. ஆய்வுக்கு உதவி என்பது கருவி வாங்கப் பொருள் தருவது மட்டுமன்று. அறிந்தவனை அறிந்தவனாக ஏற்பதும் ஆகும்.

வெள்ளாற்றுப் படுகை முழுமைக்கும், மலையுச்சி முதல் கழிமுகம் வரை, துறைகள் யாவும் அமரும் ஒரு பொது மேசை வேண்டும். அம்மேசையின் மொழி தமிழாக இருத்தல் வேண்டும். இதனைக் கேட்கும் உரிமை அவ்வாற்று நீரை உண்ணும் ஒவ்வொருவர்க்கும் உண்டு. வடக்கனந்தல் பேரூராட்சி முதல் தீர்மானத்தை நிறைவேற்றட்டும். கல்லக்குறிச்சியும் கடலூரும் தொடரட்டும். மீனுக்குத் தமிழில் பெயரிட்ட இனம், அம்மீனின் நிலையையும் தமிழில் அறிந்து காக்கட்டும்!