அப்பாவின் வயதைத் தாண்டிய பிறகு

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. புதுச்சேரியில் பூர்வீகப் பட்டியல் சாதியினர் என்று காட்ட, 1964ஆம் ஆண்டு ஆணைக்கு முன்பிருந்தே குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கான காகிதம் வேண்டும். தகரப் பெட்டியைத் திறந்து அப்பாவின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்தேன். எழுத்து கலங்கியது. வெள்ளெழுத்து. மகள் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். பிறந்தது 1949. அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்த இறப்புச் சான்றில் 1996.

"தாத்தா 47 வயசுலயா செத்தாரு? உனக்கு இப்ப 48 ஆச்சேப்பா" என்றாள்.

என் நினைவில் இருக்கும் அப்பா ஒரு கிழவர். தலை முழுக்க நரை, வளைந்த முதுகு, இரவெல்லாம் இருமல். பாகூர் பக்கத்தில் நாற்று நடவு முடிந்தால் வில்லியனூர் பக்கம் கரும்பு வெட்டு, அதுவும் இல்லாத நாளில் செங்கல் சூளை என்று ஓடிய உடம்பு அது. அவர் செத்தபோது தெருவில் யாரும் "இந்த வயசுலயா" என்று கேட்கவில்லை. வயசாகித்தான் போனார் என்றே எல்லோரும் நினைத்தோம். 19 வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அவரைவிட ஒரு வயது மூத்தவனாக இருந்துகொண்டு பார்க்கும்போதுதான் தெரிகிறது, அவர் கிழவர் ஆகவே இல்லை. நடுவயதில் செத்துப்போன ஒரு மனிதர் அவர்.

நடுவயது பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். 40க்குப் பிறகுதான் வாழ்க்கை தொடங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு செய்தி வருகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி உங்களுக்காக வாழுங்கள், பயணம் போங்கள், மறந்துபோன வீணையை எடுத்து வாசியுங்கள் என்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அறிவுரைக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. வாழ்க்கையின் முதல் பாதி உங்கள் கையில் இருந்தது என்பது ஒன்று. இரண்டாம் பாதி உங்களுக்கு நிச்சயம் உண்டு என்பது இன்னொன்று. எங்கள் காலனியில் இரண்டுமே உறுதி இல்லை.

இதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வட இந்தியாவைச் சேர்ந்த ஒன்பது மாநிலங்களின் 2010-11 கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று அது கணக்கிட்டது. அதில் முக்கியமான வரி வேறொன்று. இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையைக் கொண்டு விளக்க முடியவில்லை. அதாவது ஏழை என்பதால் மட்டும் சீக்கிரம் சாகவில்லை. சாதி தனியாக ஆயுளைத் தின்கிறது. 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை இன்னொரு கணக்கைச் சொன்னது: இந்தியாவில் இறந்துபோன தலித் பெண்களின் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. இது ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல, இறந்தவர்களின் சராசரி வயது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அப்படிக் கவனித்துப் படித்தாலும் நடுவில் 14 ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. நடுவயது என்று மற்றவர்கள் சொல்லும் அந்தக் காலமே அது.

ஆயுளை மட்டுமல்ல, வயதையும் சாதி பறிக்கிறது. தமிழில் வயதுக்கு மரியாதை உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். மூத்தவரை அண்ணன், பெரியப்பா, தாத்தா என்று அழைக்கும் பண்பாடு என்பார்கள். அந்தப் பண்பாடு ஊர்த்தெருவோடு நின்றுவிடும். அப்பாவை ஆண்டை வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், கடைசியில் ஒரு 'டா' இருக்கும். அப்பா துண்டை இடுப்புக்கு இறக்கி, "இதோ வந்துட்டேன் சின்ன ஆண்டே" என்பார். அந்தப் பையனுக்கு வயது கூடக்கூட மரியாதை கூடியது. அப்பாவுக்கு வயது கூடக்கூட முதுகு மட்டுமே வளைந்தது. 47 ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தத் தெருவில் அவர் 'பெரியவர்' ஆகவில்லை.

நம் புதுச்சேரிக்கே உரிய ஒரு வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை கொண்டுவந்தது. சொந்தச் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று ஒருவர் கையெழுத்திட்டால், அவர் புதிதாக ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்டவர்கள் பலர் அந்த வழியில் போனார்கள். பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனவர்கள், வயதான காலத்தில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கி, சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்கள். பெயரும் பென்ஷனும் இருந்தால் சேரியில் பிறந்தவருக்கும் முதுமை வரும் என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்பாவின் குடும்பத்தில் யாரும் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை.

இப்போது நான் வில்லியனூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 19 ஆண்டுகள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. 44 வயதில், இனி இளைஞர்கள்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வருகிறார்கள். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 60 வயதில் தொடங்குகிறது. 79 வயது வரை அதில் ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். புதுச்சேரி அரசின் உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்குகிறது. நல்ல விஷயம்தான். உழைத்துத் தேய்ந்த உடம்பு 60 வரை காத்திருக்காது என்பதை ஓரளவு ஒத்துக்கொண்ட திட்டம் அது.

ஆனால் அந்த 55ஐ நிரூபிப்பது யார்? பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர்களுக்கு கொம்யூன் பதிவேட்டில் தேதி இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாக்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. ஆதார் எடுத்த நாளில் கணினி முன்னால் இருந்த பையன் முகத்தைப் பார்த்துப் போட்டதுதான் வயது. பேரன் பேத்தி எடுத்த ஓர் அத்தை என் கடையில் நின்று கேட்டார்: "அட்டையில 49ன்னு போட்டுருக்கே தம்பி, நான் இன்னும் ஆறு வருசம் கெழவி ஆவ முடியாதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நூறு நாள் வேலையில் மண் சுமந்து முட்டி போனவர் அவர். உடம்பில் முதுமை வந்துவிட்டது, காகிதத்தில் வரவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள். 1968இல் அப்பாவுக்கு 19 வயது. அன்று வாக்குரிமை வயது 21. 2006 வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். ஒரு மனிதனின் வாக்களிக்கும் வாழ்க்கை முழுவதும் இரண்டு உள்ளாட்சித் தேர்தல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குள் முடிந்துவிட்டது. எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட்டார், எம்.பி.க்குப் போட்டார். தன் தெருவுக்குக் குழாய் வருமா, சுடுகாட்டுக்குப் பாதை வருமா என்று முடிவு செய்யும் பஞ்சாயத்துக்கு ஒரு முறைகூடப் போடவில்லை.

2006இல் எனக்கு 29 வயது. இட ஒதுக்கீட்டில் நம் தெருப் பெண்கள் வேட்புமனு எழுதிய காலம். சைக்கிளில் தெருத் தெருவாகப் போனோம். இனி எல்லாம் மாறும் என்று நம்பினோம். 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. இந்த வரியை எழுதும் நாள் வரை அடுத்த தேர்தல் இல்லை. 1989இல் பிறந்த தம்பி தங்கைகள் தங்கள் கிராமப் பஞ்சாயத்துக்கு ஒரு முறைகூட வாக்களிக்காமல் நடுவயதின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவின் கதை அடுத்த தலைமுறையில் அப்படியே திரும்புகிறது. ஒதுக்கப்பட்ட இடத்தை மறுக்க யாரும் தடி எடுக்க வேண்டியதில்லை. தேர்தலைத் தள்ளிப் போட்டால் போதும், எங்களுக்குத் தானாக வயதாகிவிடும்.

இவ்வளவும் அடுத்தவர்கள் எங்களுக்குச் செய்வது. எங்களுக்குள் நாங்கள் செய்வதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

இந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். ஒரு நர்சிங் மாணவி மைக்கை வாங்கி, "மேடையில ஆறு பேர் இருக்கீங்க, ஆறு பேரும் ஆம்பளைங்க, எல்லாருக்கும் 45க்கு மேல. நாங்க நாற்காலி போடவும் பேனர் கட்டவும் மட்டுமா?" என்று கேட்டாள். நான் மைக்கைத் திரும்ப வாங்கி, "உன் வயசுல நாங்க இப்படிப் பேசல பாப்பா, பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கக் கத்துக்க" என்றேன். கை தட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். தலை குனியவில்லை. ஆனால் மைக்கை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊர்த்தெருவில் மறுக்கப்பட்ட மரியாதையை அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வசூலித்தார். நான் ஒரு சின்னப் பெண்ணிடம் வசூலித்தேன். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது இதைத்தானே? மேலே இருப்பவன் மிதிக்கிறான் என்பதோடு அது முடியவில்லை. மிதிபடுகிறவனுக்கும் கீழே ஒரு படி கிடைத்துவிடுகிறது. வயது அப்படி ஒரு படி ஆகிவிட்டால், சுயமரியாதை என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள்?

இயக்கத்தின் சுவர்களில் நாம் மாட்டி வைத்திருக்கும் படங்களைப் பாருங்கள். இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டபோது வயது 32. ரோஹித் வெமுலாவுக்கு 26. அந்த முகங்களுக்கு வயதாகாது. தியாகத்துக்கு நம்மிடம் சொற்கள் நிறைய இருக்கின்றன. சாகாமல் மிச்சமிருந்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, கோபம் குறையாமல் வயதாவதற்குத்தான் சொற்கள் குறைவு. இத்தனைக்கும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அம்பேத்கர் சாதி ஒழிப்பு நூலை வெளியிட்டபோது வயது 45. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறி சுயமரியாதை வழியில் இறங்கியபோது 46. அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது 62. இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனது 70ஐ ஒட்டிய வயதில். பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து அந்த நோயிலேயே இறந்தபோது சாவித்ரிபாய்க்கு 66.

இவர்களைச் சொல்வது "பாருங்கள், எங்களாலும் இன்னும் முடியும்" என்று மேடையில் ஒட்டிக்கொள்வதற்காக அல்ல. இவர்கள் யாரும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வயதில் கையில் இருந்ததை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். வயதாவதன் அரசியல் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் இருபதுகளின் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களை 'பூமர்' என்று கிண்டல் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் வயதை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். கல்வி, வேலைவாய்ப்புக்குக் குரல் கொடுக்கிற அதே தொண்டையில், கூலி வேலை செய்யும் உடம்புக்கு உதவித்தொகை எந்த வயதில் தொடங்க வேண்டும், பதிவில்லாத அம்மாக்களின் வயதை எப்படித் திருத்துவது, உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்றும் கேளுங்கள். இவை கிழவர்களின் பிரச்சினை அல்ல. உங்கள் தாய் தகப்பனின் இன்றைய பிரச்சினை, உங்களின் நாளைய பிரச்சினை. பதிலுக்கு எங்கள் பக்கம் செய்ய வேண்டியதை நாங்கள் செய்ய வேண்டும்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் போன வாரம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா பதறிப்போய், "என்ன மாமா, சின்னப் பொண்ணுகிட்ட போயி" என்றார். அவள் மட்டும் பதறவில்லை. "சரி மாமா. டிசம்பர் 6 கூட்டத்துக்கு யார் பேசுறதுன்னு நாங்க முடிவு பண்ணலாமா?" என்று கேட்டாள். பண்ணுங்க என்றேன். நாற்காலி போடும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முட்டி வலிக்கும், பரவாயில்லை. அப்பாவுக்குக் கிடைக்காத வயது இது. அதை யார் தலைமீதும் ஏறி உட்காராமல் வாழ்ந்து பார்க்க வேண்டும்.