பலகாரம் இல்லாத வீட்டிற்கு முதல் தட்டு



திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் இருக்கிறோம். வீட்டு முகப்புகளில் நட்சத்திரங்கள் ஏறிவிட்டன. கீத பவனி செல்ல வேண்டிய வீடுகளின் வரிசையும் எழுதப்பட்டுவிட்டது. கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் சகோதரிகள் சிலர் பேசிக்கொண்டிருந்தது என் செவியில் விழுந்தது. "இந்த வருஷம் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் கடையில் சொல்லிவிட்டோம்" என்றார் ஒருவர். "நாங்களும் அப்படித்தான். யாருக்கு நேரம் இருக்கிறது?" என்றார் மற்றொருவர். இந்த வாரம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பலகாரம் ஒரு போதகர் எழுதத்தக்க பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் பலகாரங்களில் ஒன்றையாவது வீட்டில், வீட்டார் அனைவரும் கூடிச் செய்ய வேண்டும். கடையில் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கடைப் பலகாரம் ருசியற்றது என்றும் சொல்ல மாட்டேன். தூத்துக்குடி மக்ரூனைக் கடையிலிருந்து வாங்கி உண்ணாத போதகர் தென்மாவட்டங்களில் இருப்பாரோ, அறியேன். ஆயினும் வீட்டில் மாவு அளக்கும்போது நம் உள்ளத்தில் நடக்கும் ஒரு காரியம், கடையில் பணம் செலுத்தும்போது பெரும்பாலும் நடப்பதில்லை.

நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் பிறந்தவர்களுக்கு முந்திரிக்கொத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிற ஊர்களிலிருந்து நம் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் முந்திரிப் பருப்பு கிடையாது. முந்திரி என்பது திராட்சைக்கும் வழங்கும் பெயர். மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்பது திராட்சைக் குலைபோல் இருப்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். சிறுபயற்றை வாசம் எழும்வரை வறுத்து, ரவைபோல் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து, ஏலமும் சுக்கும் பொடித்துச் சேர்க்க வேண்டும். கருப்பட்டியையோ வெல்லத்தையோ தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் நீங்க வடிகட்டி, பாகு காய்ச்ச வேண்டும். அந்தப் பாகைச் சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறிவிட்டால், அதன்பின் நேரம் நம் கையில் இல்லை. சூடு இருக்கும்போதே உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிரும், உருண்டை நிற்காது. மறுநாள், உருண்டைகள் நன்கு இறுகிய பின், மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைத்த அரிசி மாவில் மூன்று மூன்றாய் முக்கி, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள்.

என் சிறுவயதில் எங்கள் தாயார் மூன்று படி பயறு அளப்பார்கள். அளக்கும் முன் விரல்விட்டு எண்ணுவார்கள். அவர்கள் எண்ணியது பயற்றை அன்று, வீடுகளை. கிழக்கு வீடு, கிணற்றடி வீடு, தீபாவளிக்குத் தட்டு தந்த மூன்று வீடுகள், தனியாக இருக்கும் பாட்டி, அந்த ஆண்டு துக்கம் நேர்ந்த வீடு. எண்ணி முடித்த பிறகே படி பயற்றுக்குள் இறங்கும். பொரித்தெடுத்ததும் முதல் தட்டு துக்க வீட்டிற்குப் போகும். அது போய்ச் சேரும்வரை நாங்கள் ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது. அக்காலத்தில் அது எங்களுக்குப் பெரிய கொடுமையாகத் தோன்றியது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். துக்கம் நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். டிசம்பர் 24 இரவு எங்கள் அடுப்பு அணைந்திருந்தது. ஆனால் எட்டு மணிக்குள் ஏழு தட்டுகள் வந்துவிட்டன. அவற்றில் இரண்டு, கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளிலிருந்து வந்தவை. பலகாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்பார்கள். எங்களிடம் திருப்பி வைக்க ஒன்றும் இல்லை. தாயார் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி சர்க்கரை வைத்து அனுப்பினார்கள். நாங்கள் மறக்கப்படவில்லை என்பதை அந்த இரவில் நான் அறிந்துகொண்டேன். பிற்காலத்தில் வேதாகமக் கல்லூரியில் ஐக்கியம் என்ற சொல்லைக் குறித்துப் படித்தவை யாவும், அந்த ஏழு தட்டுகளுக்குப் பின்னர்தான் வந்தன.

இப்போது என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஆகஸ்டு மாதம் ஒரு சகோதரர் திடீரென மரித்துப்போனார். மனைவியும் எட்டு வயது மகளும் இருந்தார்கள். அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டது. கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் 2 மணிக்கு ஜெபிப்பதற்காக அவர்கள் வீட்டிற்குப் போனேன். கையில் திருமறையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சகோதரி தேநீர் கொண்டுவந்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, கூட வைக்க ஒண்ணும் இல்லை" என்றார். கதவின் பின்னால் நின்ற சிறுமி மெல்லச் சொன்னாள்: "நமக்கு யாரும் முந்திரிக்கொத்து தரலன்னு ஐயாகிட்ட சொல்லும்மா." தாய் அவள் வாயைப் பொத்தினார். அன்று என்ன ஜெபித்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

வீடு திரும்பினேன். எங்கள் மேசையின்மேல் சபையார் அன்போடு தந்த இனிப்புப் பெட்டிகள் பதினொன்று அடுக்கப்பட்டிருந்தன. அன்று மாலையே நானும் என் மனைவியும் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டிற்குச் சென்றோம். அந்தச் சகோதரி நன்றியோடு பெற்றுக்கொண்டார். திரும்பும் வழியில்தான் என் மனைவி சொன்னாள், ஒரு பெட்டியின்மேல் எங்கள் பெயர் எழுதிய வாழ்த்துச் சீட்டு ஒட்டியிருந்தது என்று. எங்களுக்கு வந்ததில் மிஞ்சியது அவர்களுக்குப் போயிருக்கிறது என்பதை அந்தச் சீட்டு அவர்களுக்குச் சொல்லியிருக்கும்.

அந்தச் சபையில் ஒருவரும் அவர்களை வெறுக்கவில்லை. நேசமுள்ள மக்கள்தாம். அந்த ஆண்டு பெரும்பாலானோர் கடையில் சொல்லியிருந்தார்கள். கடையில் சொல்லும்போது நாம் எப்படி எண்ணுகிறோம்? நமக்கு இத்தனை, மேலதிகாரிக்கு ஒன்று, சம்பந்தி வீட்டிற்கு ஒன்று, போதகருக்கு ஒன்று. திருப்பித் தருகிறவர்களும், தராவிட்டால் குறை சொல்லுகிறவர்களும் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். எண்ணி வாங்கிய பெட்டியைப் பிரித்துக் கொடுக்கவும் மனம் வருவதில்லை. வீட்டில் செய்வதோ எண்ணிக்கையில் அடங்குவதில்லை. ஒரு டப்பா நிறைந்தபின் மறு டப்பா தேடுவோம். திருப்பிச் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்று நம் ஆண்டவர் போதித்ததை (லூக்கா 14) நாம் ஏழைகளுக்கான பெரிய அன்னதானத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த தெருவில் அணைந்திருக்கும் அடுப்போடு அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு எதிரான வீதியில் கூடி நிற்கிறார்கள். எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். கேட்ட ஜனங்கள் அழுகிறார்கள். அப்போது தலைவர்கள் அவர்களைத் தேற்றி, நல்ல உணவையும் இனிய பானத்தையும் அருந்தச் சொல்லி அனுப்புகிறார்கள். அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்கிறார்கள்: தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம் செய்யாதிருக்கிறவர்களுக்கும் பங்கு போக வேண்டும். பண்டிகையின் இனிப்பும், அது இல்லாத வீட்டின் நினைவும் அங்கே ஒரே கட்டளையாக இருக்கின்றன. பூரீம் பண்டிகையை ஏற்படுத்தியபோதும் (எஸ்தர் 9) ஒருவருக்கொருவர் வரிசை அனுப்புவதோடு எளியவர்களுக்குக் கொடுப்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டது.

"அப்படியானால் கடையில் ஒரு பெட்டி கூடுதலாகச் சொல்லலாமே, ஐயா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். இரவுப் பணி செய்யும் செவிலியர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோரும், கைக்குழந்தை உள்ள இளம் தாய்மாரும் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு பாரத்தை ஏற்றி, அதற்குப் பாரம்பரியம் என்று பெயரிட எனக்கு மனமில்லை. நான் கேட்பது, இயன்றவர்கள் ஒன்றையேனும் செய்யுங்கள் என்பதே.

பாரத்தைக் குறித்துப் பேசும்போது ஆண்களாகிய நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு டிசம்பர் 23 இரவு, மார்த்தாள் மரியாளைக் குறித்த பிரசங்கத்தை அறைக்குள் அமர்ந்து நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். இரவு பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனேன். என் மனைவி தரையில் அமர்ந்து தனியே உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி மாவு ஆறி உதிர்ந்துகிடந்தது. அதன்மேல் மீண்டும் சூடான பாகு தெளித்துப் பிசைந்துகொண்டிருந்தாள்; உள்ளங்கை சிவந்திருந்தது. மரியாளைப் புகழ்ந்து எழுதிக்கொண்டே என் வீட்டில் ஒரு மார்த்தாளை உண்டாக்கியிருக்கிறேன் என்று அப்போது உணர்ந்தேன். முந்திரிக்கொத்து ஒருவர் தனியே செய்ய ஏற்பட்ட பலகாரம் அன்று. அந்தச் சூடு பல கைகளைக் கேட்கிறது. வேவுகாரர்கள் எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த திராட்சைக் குலையைக்கூட (எண்ணாகமம் 13) இருவர் சேர்ந்து ஒரு தடியில் கட்டித்தான் சுமந்தார்கள். அதைக் காணாத ஜனங்களிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்காகவே சுமந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த ஆண்டு உங்கள் வீட்டில் ஒரு மாலையைக் குறித்துவையுங்கள். ஒரு கிலோ பயறு போதும். முந்திரிக்கொத்து பழக்கமில்லையென்றால் அச்சு முறுக்கோ, அதிரசமோ, உங்கள் ஊரில் வழங்கும் வேறொன்றோ செய்யுங்கள். கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். தேங்காய் துருவுவது, பாகு வடிகட்டுவது, பாத்திரம் கழுவுவது ஆண்களின் பங்காகட்டும். பிள்ளைகள் உருட்டட்டும், கோணலாக உருட்டினாலும் திருத்தாதீர்கள். எண்ணெய்ச் சட்டியின் அருகே மட்டும் அவர்களை விடாதீர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களையும் ஒதுக்கிவைக்க வேண்டாம். அவர்கள் குறைவாக உண்ணட்டும், ஆனால் பாகின் பதம் பார்த்துச் சொல்லட்டும். அது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு அந்த அறிவும் மறைந்துபோகாதபடி பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

இவை எல்லாவற்றிற்கும் முன்பு, பயற்றை அளப்பதற்கு முன்பு, வீட்டார் அனைவரும் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆண்டு எந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது?" அந்த வீடு நம் சபைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் நினைவுக்கு வந்த பிறகு அளவைப் போடுங்கள். முதல் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்களும் உடன் செல்லுங்கள். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே சென்று சற்று நேரம் அமருங்கள். "ஏன் நாம் முதலில் சாப்பிடக் கூடாது?" என்று பிள்ளை கேட்கும். அப்போது நீங்கள் சொல்லும் பதில், ஞாயிறு பள்ளியில் நாங்கள் ஓர் ஆண்டு முழுவதும் கற்பிப்பதைக் காட்டிலும் ஆழமாய் அதன் உள்ளத்தில் தங்கும்.

அந்தச் சிறுமி இன்று கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய தாய் அடுத்த ஆண்டே எண்ணெய்ச் சட்டி வைத்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டு மேசைக்கு ஒரு தட்டு முந்திரிக்கொத்து வந்தது. தட்டைக் கொண்டுவந்த சிறுமி, "ஐயா, இது இரண்டாவது தட்டு. முதல் தட்டு வேற வீட்டுக்குப் போயாச்சு" என்றாள். என் ஊழியத்தில் நான் பெற்ற காணிக்கைகளில் அதற்கு நிகரானது வேறில்லை.

ஜெபிப்போம்:

அன்பின் பரலோகப் பிதாவே, எங்களுக்காக உமது குமாரனையே தந்தருளினீர், உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் இல்லங்களின் மகிழ்ச்சி எங்கள் வாசலோடு நின்றுவிடாதபடி காத்தருளும். நாங்கள் மறந்துபோன வீடுகளை எங்களுக்கு நினைவூட்டும். அடுக்களையில் தனியே வருந்துகிறவர்களின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எங்களுக்கு மனம் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.