வெளுத்த துப்பட்டா

 

திருக்கோவிலூரில் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி இரண்டு நாட்களாக வரவில்லை. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. வெளுத்துப்போன அவளது கறுப்புப் பருத்தித் துப்பட்டாவுக்குத் தாயார் வீட்டிலேயே சாயம் தோய்த்திருக்கிறார். ஈரத்தில் கன்னங்கரேலென்றிருந்த துணி, காய்ந்ததும் செந்நிறமாய்ப் பல்லிளித்துவிட்டது. புதிது வாங்க வசதியில்லை. அதை அணியவோ பிள்ளைக்கு வெட்கம்.

தாயாரைக் குறை கூறுவதற்கில்லை. ஈரத் துணி எப்போதும் அடர்ந்தே தோன்றும். ஆகவே, முதலில் ஒரு துண்டுத் துணியைத் தோய்த்து, நிழலில் உலர்த்திப் பார்த்தபின்னரே முழுத் துணியையும் நனைக்க வேண்டும்.

பழைய நிறம் புதுச் சாயத்தோடு கலந்தே தெரியும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மஞ்சள் துணியை நீலத்தில் தோய்த்தால் பச்சையாகும். சிவப்புத் துணி ஊதாவாகும். ஒரு நிறம் மிகுந்தால் அதன் எதிர் நிறத்தைச் சிறிதளவு சேர்த்து அடக்கலாம். சிவப்பு மிகுந்தால் பச்சை; பச்சை மிகுந்தால் சிவப்பு; ஆரஞ்சு மிகுந்தால் நீலம். அச்சிறுமியின் துப்பட்டாவும் கறுப்புச் சாயத்தில் ஒரு சிட்டிகை பச்சை சேர்த்துத் தோய்த்ததும் சீரடைந்தது.

நிறம் வெளிறியிருந்தால் மீண்டும் தோய்க்கலாம். சாய நீரில் உப்பிட்டால் பருத்தி நூல் சாயத்தை நன்கு பற்றும். அடர்ந்துவிட்டாலோ, எந்தச் சாயமும் அதை வெளிறச் செய்யாது; சோப்பு கலந்த வெந்நீரில் பலமுறை அலசுங்கள், பற்றாத சாயம் வெளியேறும். பிளீச்சிங் பவுடர் நூலையே நைந்துபோகச் செய்யும். பாலியஸ்டர் பருத்திச் சாயத்தை ஏற்காது. தையல் நூல் மட்டும் பல நேரங்களில் நிறம் மாறாது நிற்பது இதனால்தான். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் சமைக்காதீர்கள்.

எஞ்சிய சாய நீரைக் கிணற்றடியிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழாயின. 2011இல் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நம் தென்பெண்ணைக்கு அந்நிலை வரவேண்டாம்.

இறுதியாக ஒன்று. அச்சிறுமி அஞ்சியது உடன் ஓதும் பிள்ளைகளின் சிரிப்புக்கு. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். பெருநாள் புத்தாடை எடுக்கும்போது இதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.