மைசெல்ஃப்...

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நண்பர் ஒருவர் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் மிஷின் ஓட்ட ஆள் எடுத்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். (சம்பந்தமில்லாத இடத்தில் எழுத்தாளனை உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம்.) டிப்ளமோ முடித்த பையன் ஒருவன், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தான். சட்டையை இன் பண்ணியிருந்தான். ஷூ இரவல். நடையிலேயே தெரிந்தது.

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றார் ஆள் எடுக்கும் அதிகாரி.

பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தான். மைசெல்ஃப் இன்னார். நேட்டிவ் பிளேஸ் இன்னது. மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹவுஸ் ஒய்ஃப். ஹாபி, லிசனிங் மியூசிக். ஸ்ட்ரெங்த், ஹார்ட் ஒர்க். வீக்னஸ், எல்லோரையும் சுலபத்தில் நம்பிவிடுவது. அன்று வந்த பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு இதே வீக்னஸ்!

அதிகாரி அடுத்து சாதாரணமாகத்தான் கேட்டார். 'ஹௌ டிட் யூ கம் டுடே?'

எப்படி வந்தாய்? பஸ்ஸில் வந்தேன். நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம். பையன் விழித்தான். மனப்பாடம் செய்த தாளில் இந்தக் கேள்வி இல்லை.

நண்பருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு டிராயிங்கை நீட்டி, 'இதை எப்படிப்பா ஓட்டுவே?' என்று தமிழில் கேட்டார். பையன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, 'சார், இந்தத் துளையோட ஆழம் போடலியே. அது இல்லாம எப்படி சார் புரோகிராம் எழுதறது?' என்றான். நண்பர் வாங்கிப் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. அந்த டிராயிங் அந்த கம்பெனியில் ஆறு மாசமாகப் புழங்குகிறது.

வேலை கிடைக்கவில்லை. தாளில் 'கம்யூனிகேஷன் வீக்' என்று எழுதினார்கள். சி.என்.சி. மிஷினுக்குத் தெரிந்த பாஷை ஜி கோடும் எம் கோடும்தானே, அது அவனுக்கு அத்துப்படியாச்சே என்று கேட்டுப் பார்த்தேன்.

'வெளிநாட்டு கஸ்டமர் வந்தா பேசணுமில்ல சார்?'

'இதுவரைக்கும் எத்தனை பேர் வந்திருக்காங்க?'

'இனிமேத்தான் வரணும்.'

வராத வெள்ளைக்காரனுக்காக வந்த பையனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதிகாரியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். பையனை அந்த நாற்காலிக்கு அனுப்பி வைத்த பள்ளிக்கூடத்தையும் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 12 வருஷம். வருஷத்துக்கு 200 நாள். நாளைக்கு ஒரு இங்கிலீஷ் பீரியட், 40 நிமிஷம். மொத்தம் 1,600 மணி நேரம். இவ்வளவு நேரம் ஒருவனை உட்கார வைத்து நீச்சல் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி நாள் கிணற்றில் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது.

தினம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு நிமிஷம் வாய் திறக்க விட்டிருந்தால், 12 வருஷத்தில் 2,400 நிமிஷம். அதாவது 40 மணி நேரம். மெயின் ரோட்டு மாடியில் 'மூன்றே மாதத்தில் சரளமாக' என்று போர்டு மாட்டியிருக்கிறாரே, அவர் சனி ஞாயிறில் காசு வாங்கிக்கொண்டு விற்பது ஏறக்குறைய இந்த 40 மணி நேரத்தைத்தான். இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியது.

'வகுப்பில் நாற்பது பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் பாடம் எப்போது நடத்துவது?' என்பீர்கள். ஜோடி ஜோடியாகப் பேச விட்டால் எல்லோருக்கும் சேர்த்து இரண்டே நிமிஷம். சத்தம் வரும். சத்தம் வந்தால் ஹெட்மாஸ்டர் வருவார். பிரச்னை அங்கேதான். நம் பள்ளிக்கூடங்களில் அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு. பாஷை கற்றுக்கொடுக்கும் வகுப்பும்கூட!

அதற்குப் பதிலாக என்ன சொல்லிக்கொடுத்தோம்? லீவ் லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், கமா ஃபுல் ஸ்டாப்போடு சொல்வார்கள். ஆனால் நிஜமாகவே காய்ச்சல் வந்த பிள்ளை, அதே இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து, 'மிஸ், தலை வலிக்குது, வீட்டுக்குப் போவட்டா?' என்றுதான் கேட்கும். மிஸ்ஸும் தமிழில்தான் 'போ' என்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரும் எஸ்ஸே, மெமரி போயம், கைடு என்று அதே சந்தில் நடந்து வந்தவர். மேலதிகாரி எதிரில் இரண்டு வாக்கியம் பேசச் சொன்னால் அவருக்கும் வியர்க்கும்.

சில தனியார் பள்ளிகள் வேறு வழி கண்டுபிடித்தன. தமிழில் பேசினால் அபராதம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கதையும் உண்டு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தாய்மொழியில் 'தண்ணி வேணும்' என்றதற்குக் காசு கேட்பது எதில் சேர்த்தி? போகட்டும், அபராதத்துக்குப் பயந்த பிள்ளை இங்கிலீஷாவது பேசுமா? பேசாது. சும்மா இருந்துவிடும். சும்மா இருந்தால் அபராதம் கிடையாதே.

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களைப் புரட்டுங்கள். கபில்தேவ் விளம்பரம் செய்த ராபிடெக்ஸ் காலத்திலிருந்து நானும் புரட்டி வருகிறேன். நம் ஊர் பிளாட்பாரத்தில் கிடைக்கும் மெல்லிசுப் புத்தகங்களில் 'வாட் இஸ் யுவர் ஃபாதர்?' என்று ஒரு உரையாடல் இருக்கும். அப்பா பெரும்பாலும் பேங்கில் இருப்பார், அல்லது ஆபீஸில். மூட்டை தூக்கும் அப்பாவை அதில் நான் பார்த்ததில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவும் கிடையாது. ஆகவே, கொத்தனார் மகன் 'கன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபீல்டு' என்று சொல்லப் பழகுகிறான். அந்த உசிலம்பட்டிப் பையனின் அம்மா ஹவுஸ் ஒய்ஃப் இல்லை. பிறகு டீக்கடையில் சொன்னான், களை எடுக்கப் போகிறாராம். 'அதை இங்கிலீஷ்ல எப்படி சார் சொல்றது? சொன்னாலும் நல்லா இருக்குமா?' இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. பாஷை தெரியாத கூச்சத்தோடு, பெற்றவளின் வேலையைச் சொல்லும் கூச்சத்தையும் சேர்த்தல்லவா கற்றுக்கொடுத்திருக்கிறோம்!

'இங்கிலீஷே வேண்டாம், தமிழ் போதும்' என்று மேடையில் முழங்குகிறவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அம்பத்தூர் தனியார் கம்பெனிக்குள் அது எட்டிப் பார்க்காது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. வேண்டியதுதான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்டதைக் கல்லூரியில் துரத்திப் பிடிக்கிற வேலை அது.

ஆள் எடுப்பவர்களுக்கு ஒன்று. கால் சென்டருக்கு இங்கிலீஷ் கேளுங்கள், நியாயம். லேத்துக்கும் வெல்டிங்குக்கும் முதலில் வேலையைக் கேளுங்கள், அவனுக்குத் தெரிந்த பாஷையில். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்தாலே உள்ளுக்குள் சிரிக்கிறீர்களே, அந்த 'மைசெல்ஃப்'பை அவனாகவா கண்டுபிடித்தான்? நாம் சொல்லிக்கொடுத்ததுதானே?

அந்தப் பையன் இப்போது ஓசூரில் இருக்கிறான். சின்னப் பட்டறை. கூட வேலை பார்ப்பவர்கள் பீகார், ஒடிசாக்காரர்கள். போன வாரம் போனில் பேசும்போது பின்னால் யாரோ கூப்பிட, இவன் சரளமாக இந்தியில் பதில் சொன்னான்.

'எங்கேப்பா கத்துக்கிட்டே?'

'எங்கயும் இல்ல சார். ஆறு மாசமா ஒரே ரூம். தப்பாப் பேசுனா அவனுங்களும் சிரிப்பானுங்க, நானும் சிரிப்பேன். அவனுங்க தமிழு அதவிட மோசம்.'

பேச்சை முடிக்கும் முன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் அடுத்த மாசம் இண்டர்வியூவாம். 'அந்த மைசெல்ஃப் பேராவைக் கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல மாத்தி எழுதித் தரீங்களா சார்? மனப்பாடம் பண்ணிக்கிடுறேன்.'

அவன் அம்மா களை எடுப்பதை முதல் வரியாகப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.