பனியில் மணக்கும் பன்னீர்

பனிப்புயல் வீசும் வேளையில் கோடை ரோஜாவை நினைந்து மகிழ்தல் செயலற்றோர் கனவு என்பாருளர். அதற்கு நாம் உடன்படோம். ஈரானில் காஷான் நகரை அடுத்த மலைப்பகுதியிலுள்ள கம்ஸர் என்னும் சிற்றூரை நோக்குவோம். அங்கு ரோஜா மலர்வது மே, ஜூன் திங்களில் சில வாரங்களே. வெயில் ஏறினால் மணம் குன்றும். ஆதலின் வைகறையிலேயே மலர் கொய்து, செப்புக் கலங்களில் நீருடன் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர்வித்துப் பன்னீர் வடிக்கின்றனர். பாரசீகத்தில் அதன் பெயர் 'குலாப்'. குல் என்பது மலர், ஆப் என்பது நீர். (இந்தியிலோ அச்சொல் மலருக்கே பெயராயிற்று!) ஒரு கிலோ ரோஜா எண்ணெய் பெற 3000 கிலோவுக்கு மேல் மலர் வேண்டும் என்றால் கொய்வோரின் உழைப்பு விளங்கும்.

மலைகள் பனி போர்த்த நாளில், குங்குமப்பூ இட்ட அரிசிப் பாயசத்தில் சிறிது பன்னீர் சேர, வீடெங்கும் கோடை மணக்கிறது. முள் கீறிய விரல்கள் ஈட்டி வைத்த அம்மகிழ்ச்சியைக் கனவென்று எங்ஙனம் தள்ளுவது? நம் திருமண வாயில்களிலும் பன்னீர்ச் செம்பு உண்டு. ஆயின் இன்று அதில் பெரும்பாலும் நிரம்புவது, எந்தத் தோட்டத்தையும் கண்டறியாத செயற்கை மணநீரே.